எங்கள் பழைய ஜீப் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. குடியரசு தினத்தன்று நம் வண்டிகள் போடி நகரைச் சுற்றி வந்தன. கோவை ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய் வந்தோம். போடிமெட்டுப் பயணம் மழையால் தள்ளிப்போய், அப்புறம் நடக்கவே இல்லை. செயற்குழுவை மாதந்தோறும் கூட்டினேன். பல மாதங்களில் கூட்டம் நடத்தத் தேவையான அளவு ஆள் (கோரம்) சேரவில்லை.

இந்த ஆண்டின் பெரிய வேலை, ஏலக்காய்த் தோட்டக் குடும்பம் ஒன்று சங்கத்துக்குக் கொடுத்த சி.ஜே.3பி என்ற மாடல் ஜீப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததுதான். பணம் எங்கே போனது என்று சிலர் வெளியில் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வண்டி வந்தபோது அதில் இருந்தது டீசல் எஞ்சின். பெட்ரோல் விலை ஏறிய பிறகு, மலைக்கு ஆள் ஏற்றிய வண்டிகள் பலவற்றிலும் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் வைத்தார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், பிழைப்புக்கு ஓடிய வண்டிகள். ஆனால் சி.ஜே.3பி என்றாலே அந்த உயர்ந்த பானெட்தான். அது உயர்ந்ததே ஹரிக்கேன் என்ற பெட்ரோல் எஞ்சினுக்காக. அதற்கு முந்தைய எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப்பகுதியிலேயே, இருந்தன. ஹரிக்கேனில் இன்லெட் வால்வு மட்டும் மேல்மூடியான ஹெட்டுக்கு ஏறியது. எஞ்சின் உயரம் கூடியதால், 1953இல் வில்லிஸ் கம்பெனி பானெட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் இந்த மாடல் 1968இல் நின்றுபோனது. மஹிந்திரா அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இங்கே செய்துகொண்டிருந்தது. பானெட்டை வைத்துக்கொண்டு, அது எதற்காக உயர்ந்ததோ அந்த எஞ்சினை விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தேடினோம். ஹெட் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. பிளாக், ஒரு தோட்டத்து ஷெட்டில் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. சிலிண்டரைக் கடைந்து போரிங் போட்ட பட்டறை அளவுக்கு மேல் கடைந்துவிட்டதால், நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ் என்ற உள்குழாய் போட வேண்டி வந்தது. அந்தச் செலவைப் பட்டறை ஏற்றுக்கொள்ளவில்லை. கணக்கில் தெரியும் கூடுதல் தொகை அதுதான்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்கைக் கழற்றினால், அடித்தகடு விரல் பட்ட இடத்திலேயே உதிர்ந்தது. பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட முதலில் வெள்ளை, அப்புறம் நீலம், அதற்கும் கீழே பச்சை. டாஷ்போர்டுக்குப் பின்பக்கம் யாரும் பிரஷ் வைக்காத ஒரு கையகல இடத்தில் அந்தப் பச்சை அப்படியே இருந்தது. அதை வைத்துத்தான் கலர் கலக்கினோம். பவர் ஸ்டியரிங் வைக்கலாம், அகலமான டயர் போடலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. ஆறு இன்ச் அகலம், பதினாறு இன்ச் ரிம், இதுதான் அந்த வண்டிக்கு வந்த டயர். அதையே போட்டிருக்கிறேன்.

இது என் பிடிவாதம் மட்டும் இல்லை. 2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். நம்பரில் மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ என்று வரும். ஆனால் சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ரேலி, ரிப்பேர், எரிபொருள் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தோட்டத்துக்கு ஓடும் வண்டியை யாரும் இதில் சேர்க்க வேண்டாம். ஷெட்டில் சும்மா நிற்கும் வண்டி வைத்திருப்பவர்கள், அடுத்த மாற்றம் செய்யும் முன் சங்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வண்டியோடு சேர்ந்த பழம்பொருள்களும் சங்கத்தின் வேலைதான். சங்க அறையில் ஒரு கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறோம். எரிபொருள் வைக்கும் ஜெரிகேன் இரண்டு, ஒரு பழைய ஒர்க்‌ஷாப் புத்தகம், தோட்டத்து டிரிப் நோட்டு ஒன்று, இவ்வளவுதான் இதுவரை சேர்ந்தது. டிரிப் நோட்டில் எந்த நாள் எத்தனை பேர் ஏறினார்கள், எந்த வளைவில் வண்டி நின்றது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். இதெல்லாம் வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் நம் உறுப்பினர் வீட்டிலிருந்தே ஒரு மூட்டை பழைய ஆர்.சி. புத்தகமும் பாகங்களின் கேட்லாக்கும் எடைக்குப் போயிருக்கின்றன. தகவல் தெரிந்து நான் கடைக்குப் போவதற்குள் லோடு ஏறிவிட்டது. இன்னொன்று, உலகப் போர்க்கால ஜீப் என்று சொல்லிப் புதுத் தகடு அடித்து விற்கிறார்கள். முன் கிரில்லில் ஏழு துளை இருந்தால் அது போருக்குப் பின் வந்த ஜீப். போர்க்காலத்தில் பெரும்பாலும் வந்தது ஒன்பது துளை. ஃபோர்டு கம்பெனி செய்ததென்றால் போல்ட் தலையிலேயே ஆங்கில ‘எஃப்’ எழுத்து இருக்கும். பணம் கொடுக்கும் முன் இதையாவது பாருங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், நன்கொடையால் சமாளித்தோம், கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. காரணம் சந்தா. உறுப்பினரில் பாதிக்கு மேல் பாக்கி, சிலர் இரண்டு ஆண்டாக. ஒருவர் கட்ட வேண்டியது ஒரு டயர் விலையில் சிறு பங்குகூட வராத தொகை. குடியரசு தின போட்டோவில் முன்வரிசையில் நின்றவர்கள் பலர், சேசிஸ் தேய்க்க ஆள் கேட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் போனையே எடுக்கவில்லை. இதை எழுத எனக்கு வருத்தம்தான், ஆனால் பதிவாக வேண்டும்.

இடம் கொடுத்த தலைவர் அவர்களுக்கும், கூலி வாங்காமல் கார்புரேட்டரைச் சரி செய்த நம் மூத்த மெக்கானிக் அண்ணனுக்கும், டிங்கரிங் செய்த தம்பிகளுக்கும், வண்டி கொடுத்த குடும்பத்தாருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. எஞ்சின் ஓடுகிறது, ஹை-லோ கியரும் ஃபோர் வீலும் சரியாக விழுகின்றன. மேலே கான்வாஸ் ஹூட் மட்டும் இல்லை. மழைக்காலம் வருவதற்குள் அதைத் தைக்காவிட்டால், புதிதாகப் போட்ட தளத் தகடு மறுபடி துருப்பிடிக்கும். செயலாளர் பொறுப்பில் தொடர்வதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. யாராவது முன்வந்தால் சாவியையும் நோட்டுகளையும் இன்றே ஒப்படைப்பேன். தையல்காரர் முன்பணம் கேட்டிருக்கிறார். பாக்கிச் சந்தாவில் பாதி வந்தாலே அது போதும். ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் உள்ள மேஜையில் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்