பிரேக் டிஸ்க் மாத்தறதுக்கு முன்னாடி அளந்து காட்டச் சொல்லுங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க. சீசன் வந்துட்டா ஊட்டி ரோட்ல டிராஃபிக்னு தினமும் போட்டோ போடுறீங்க, ஆனா மலை எறங்கி வர்ற காருங்களோட பிரேக் என்ன கதியாகுதுன்னு யாரும் எழுதறதில்ல. மேட்டுப்பாளையத்துல ஒர்க்ஷாப் வச்சிருக்கேன், அதனால நானே எழுதறேன்.

குன்னூர்ல இருந்து இங்க வர்றதுக்குள்ள 1,500 மீட்டர் எறக்கம். செகண்ட் கியர்ல வராம பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்து, கல்லாறு கிட்ட வண்டி நின்னாலும் காலை எடுக்க மாட்டாங்க. வீலோட சேர்ந்து சுத்தற இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதைக் கவ்விப் புடிக்கறது பேட். அந்த சூட்டுல பேடோட மசாலா டிஸ்க்ல ஒரே எடத்துல ஒட்டிக்கும். அப்புறம் எப்ப பிரேக் புடிச்சாலும் பெடல் துடிக்கும். உடனே "டிஸ்க் வளைஞ்சிருச்சு சார், மாத்திரலாம்"னு பில்லு. நெஜமா வளையறது அபூர்வமுங்க, சுத்திவர தடிமன் ஒரே மாதிரி இல்லாமப் போறதுதான் பாதி கேஸு. 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், காலுக்குத் தெரிஞ்சிரும்.

80ல போறப்ப பிரேக் புடிச்சா ஸ்டியரிங் ஆடுதா, பெரும்பாலும் முன்பக்கம். ஸ்டியரிங் சும்மா இருந்து சீட்டும் பெடலும் மட்டும் அதிர்ந்தா பின்னாடி பாருங்க. பிரேக்கே தொடாம ஆடுதுன்னா வீல் பேலன்ஸ், டயர் பக்கம் போங்க. மழையில சடன் பிரேக் போட்டு பெடல் கடகடன்னு ஒதைச்சா அது ஏபிஎஸ் (வீல் லாக் ஆகாம பாத்துக்கற சிஸ்டம்) வேலை செய்யுது, அதுக்கும் டிஸ்க் மாத்தினவங்க இருக்காங்க!

புது டிஸ்க் போட்டு கொஞ்ச மாசத்துல திரும்பவும் துடிக்குதுன்னு வர்றவங்கதான் எனக்கு ஜாஸ்தி. கழட்டிப் பார்த்தா டிஸ்க் உக்கார்ற ஹப்புல துரு அப்படியே இருக்கும், அது மேலயே புதுசை மாட்டியிருப்பாங்க. இல்லாட்டி பஞ்சர் கடையில ஏர் கன் வச்சு நட்டை ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமில்லாத டைட்ல முடுக்கியிருப்பாங்க. டிஸ்க் கோணலா உக்காந்து, ஓட ஓட பேட் ஒரே பக்கமா ஒரசி, தடிமன் தானா மாறிரும். ஹப்பை பிரஷ் போட்டுத் தேய்ச்சு, டயல் கேஜ் வச்சு டிஸ்க்கைச் சுத்தி எவ்வளவு கோணலா ஆடுதுன்னு பாருங்க, 0.05 மில்லிமீட்டர் தாண்டினா எனக்கு மனசு ஒப்பாது. எவ்வளவு டைட்டுன்னு அளந்து முடுக்கற டார்க் ரெஞ்சுல நட்டை எதிரெதிரா முடுக்கணும்.

டிஸ்க்கை மைக்ரோமீட்டர்ல ஏழெட்டு எடத்துல அளந்து, அந்த அளவை பில்லுலயே எழுதித் தரச் சொல்லி கேளுங்க மக்களே. குறைஞ்சபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்லயே பொறிச்சிருக்கும், கடைசல் போட்டு மேல்பக்கத்தை சீவி சமமாக்கினா அதுக்குக் கீழ போகும்னா மட்டும் மாத்துங்க, அதுவும் ஒரே ஆக்சில்ல ரெண்டு பக்கமும் சேர்த்து.

– ஒரு மெக்கானிக், மேட்டுப்பாளையம்