ஆய்வுக் குழுவைக் கண்காணிக்கும் பொறுப்பு பிரதிநிதிகளுடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மையத் தலைமை இல்லாமல், டோக்கன் எனும் டிஜிட்டல் நாணயம் வைத்திருப்பவர்களின் வாக்கால் நடத்தப்படும் பரவலாக்கப்பட்ட தன்னாட்சி அமைப்புகளை (டாவோ) பற்றிய செய்திகள் பெரும்பாலும் டோக்கன் விலையோடு நின்றுவிடுகின்றன. அவற்றுக்குள் நடக்கும் நிர்வாகம் பேசப்படுவதில்லை. ஆர்பிட்ரம் டாவோவின் டோக்கன்களைச் சிறிதளவு வைத்திருந்து, என் வாக்குரிமையை ஒரு பிரதிநிதியிடம் ஒப்படைத்திருப்பவன் என்ற முறையில், அதன் ஆய்வுக் குழுவின் மேற்பார்வை குறித்து இதை எழுதுகிறேன்.

எத்தீரியம் என்ற பிளாக்செயின் வலையமைப்பின் மேல், அதன் பரிவர்த்தனைகளை விரைவாகவும் மலிவாகவும் நடத்தித் தரும் ஆர்பிட்ரம், 2023 மார்ச்சில் தன் டோக்கன்களைப் பயனர்களுக்கு வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் மொத்தம் 1,000 கோடி டோக்கன்கள். ஒரு டோக்கனுக்கு ஒரு வாக்கு. தொழில்நுட்ப முன்மொழிவுகளைப் படித்துப் பார்க்க நேரமில்லாதவர்கள், டோக்கனைத் தம்மிடமே வைத்துக்கொண்டு வாக்கை மட்டும் ஒரு பிரதிநிதிக்குத் தரலாம். பிரதிநிதிகளுக்கும் எல்லாத் துறையிலும் தேர்ச்சி இருக்காது என்பதால், 2024-ல் ஓர் ஆய்வு மற்றும் வளர்ச்சிக் கூட்டுக்குழு அமைக்கப்பட்டது. பாதுகாப்புக்கு ஓப்பன்செப்பலின், இடர் மதிப்பீட்டுக்குக் கேயாஸ் லேப்ஸ், ஆய்வுக்கு பிளாக்வொர்க்ஸ் ரிசர்ச்சும் டெல்ஃபி டிஜிட்டலும் என நிறுவனங்கள் அதில் இருந்தன. இவர்களுக்கு வேலையை ஒப்படைத்து டாவோவின் சார்பில் வழிநடத்தும் சார்பாளர் பொறுப்பு எல்2பீட், ஆன்ட் ஃபெடரேஷன் என்ற இரு அமைப்புகளிடம் இருந்தது. அடுத்த கட்டத்தில் அந்த இடத்துக்கு ஒரு மேற்பார்வைக் குழு வந்தது.

இந்த ஏற்பாடு தேவையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேற்பார்வைக்கென ஒரு குழு வந்துவிட்டதால் மற்றப் பிரதிநிதிகளின் வேலை முடிந்துவிட்டது என்று கருதுவதை நான் ஏற்கவில்லை. ஓர் ஆய்வில் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது. 2023-ல், ஆர்பிட்ரத்தில் இயங்கும் செயலிகள் பயனர்களை ஈர்ப்பதற்கான குறுகியகால ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றுக்கு இந்த அமைப்பு 5 கோடி டோக்கன்களை ஒதுக்கியது. அத்தகைய திட்டம் எத்தனை பயனர்களை வரவழைத்தது என்று கேட்டால் ஒரு விடை வரும். ஊக்கத்தொகை நின்ற பிறகு எத்தனை பேர் தங்கினார்கள் என்று கேட்டால் வேறொரு விடை வரும். இரண்டும் நேர்மையான ஆய்வாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த ஒதுக்கீட்டுக்கு வாக்களிக்கப் போகும் பிரதிநிதிக்கு வேண்டியது இரண்டாவது விடை. கேள்வியை வகுப்பவரும், வேலையைப் பகிர்ந்தளிப்பவரும், முடிந்த அறிக்கையை ஏற்றுக்கொள்பவரும் ஒரே சிலராக இருந்தால், அந்த இரண்டாவது கேள்வி எழாமலே போனதை வெளியில் இருப்பவர் கண்டுபிடிக்க வழியில்லை.

ஒப்புதல் தாமதமாகக் கேட்கப்படும்போது என்ன நேரும் என்பதை இந்த அமைப்பு தன் முதல் மாதங்களிலேயே கண்டது. டாவோவின் நிர்வாகப் பணிகளைக் கவனிக்கும் ஆர்பிட்ரம் அறக்கட்டளைக்கு 75 கோடி டோக்கன்களை ஒதுக்கும் முதல் முன்மொழிவு வாக்கெடுப்பில் இருந்தபோதே, அதில் சுமார் 5 கோடி ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. டோக்கன்தாரர்கள் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்தனர். ஆய்வுக் குழுவுக்குச் சென்ற தொகை அதனோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆனாலும் இத்தகைய அறிக்கைகளை நம்பியே பெருந்தொகைகளுக்கு வாக்களிக்க நேரலாம்.

ஆகவே, ஆய்வு தொடங்குவதற்கு முன்பே அதன் கேள்வியும், எதிர்பார்க்கும் நேரமும், ஒதுக்கும் தொகையும் எல்லாப் பிரதிநிதிகளின் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும். குறைந்த வாக்குப் பலம் கொண்ட பிரதிநிதிகள் சிலர் சேர்ந்து கேட்டாலும் ஒரு கேள்வி ஆய்வுப் பட்டியலில் இடம்பெற வழி வேண்டும். ஆய்வாளர்களுக்கான தொகையின் கடைசித் தவணை, அறிக்கையைப் பயன்படுத்திய பிரதிநிதிகளின் மதிப்பீட்டுக்குப் பிறகே செல்ல வேண்டும். வாக்குப் பலமுள்ள ஒரு பிரதிநிதியே ஊதியம் பெற்று மேற்பார்வையும் செய்யும்போது, அந்த ஊதியம் குறித்த வாக்கெடுப்பில் அவர் விலகியிருப்பதே முறை. இத்தனை வேலை செய்ய நேரமில்லை என்று கருதும் பிரதிநிதி, அதை வெளிப்படையாகச் சொன்னால், என்னைப் போன்றவர்கள் வாக்கை வேறொருவருக்கு மாற்றிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்