வாள் தேடும் நண்பனுக்கு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகேன்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். மாரி இந்த முறை பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்த பிறகு விடவில்லை. கிணறு கட்டு மட்டத்துக்கு ஏறி நின்றது. இப்போது வெயில் பிடித்து, முற்றம் முழுக்கப் புழுக்கொடியல் காய்கிறது. மனுசியின் உத்தரவுப்படி உனக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறது.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊரில் யாரிடமாவது பழைய வாள் இருந்தால் விசாரித்து வாங்கித் தரச் சொல்லி எழுதியிருந்தாய். முடியாது மச்சான். உனக்கு லண்டனில் வாள் என்பது பொழுதுபோக்கு. இங்கே அது பொலிஸ் விஷயம். பேப்பரைத் திறந்தால் வாள்வெட்டுச் செய்தி இல்லாத கிழமை அபூர்வம். பெடியள் எங்கேயாவது ஒரு பட்டறையில் இரும்புத் தகட்டை வெட்டித் தீட்டி எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரிகிறார்கள். இந்த நிலைமையில் நான் வீடு வீடாகப் போய் "வாள் இருக்கா?" என்று கேட்டால், மனுசி மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஸ்டேசனுக்குத்தான் வரவேண்டும்.

இரண்டாவது, இங்கே என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறாய்? 95 இடப்பெயர்வில் சனம் கையில் கிடைத்ததைக் காவிக்கொண்டு போனது. நகையைத் தாட்டுவிட்டுப் போன கனபேர் திரும்பி வந்து தாட்ட இடத்தையே கண்டுபிடிக்கவில்லை. பாட்டன் காலத்துக் கறள் பிடித்த வாளை யார் காவியிருப்பார்கள்? அதற்கு முந்திய ஆண்டுகளிலோ, வீட்டில் ஆயுதம் என்று ஒன்று இருப்பதே ஆபத்து. இருந்தவையும் கிணற்றுக்குள்ளும் குளத்துக்குள்ளும் போயிருக்கும்.

அப்படி ஏதும் கிடைத்தாலும் நான் அனுப்ப மாட்டேன். 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நிலத்துக்கு அடியிலோ குளத்துக்குள்ளேயோ கிடந்து எடுத்த தொல்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம். அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். எங்கள் நாவலர் வீதி நூதனசாலை வாசலில் கோட்டையிலிருந்து வந்த பீரங்கிகள் கறள் ஏறிக் கிடந்ததை நீயும் பார்த்திருக்கிறாய். இருக்கிற கொஞ்சமும் அப்படியாவது இங்கேயே கிடக்கட்டும் என்பது என் கட்சி. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

சரி, இனி நீ வாங்கிய தல்வாருக்கு, அந்த வளைந்த இந்திய வாளுக்கு வருவோம். ஏலப் பட்டியலில் "18-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ்" என்று போட்டிருந்ததாக எழுதியிருந்தாய். பெடியளுக்கு இத்தனை வருசம் உலோக வேலை படிப்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அலகு எனக்குப் பிடிக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தேன். பழைய மூசை உருக்கில் செய்த அலகில் கோலம் மிக நுணுக்கமாக இருக்கும், ஓர் இடத்தில் இருப்பது போல் இன்னோர் இடத்தில் இராது. மூசைக்குள் உருகிய உருக்கு மெல்ல மெல்ல ஆறும்போதும், பிறகு சூடு பார்த்துத் தட்டி நீட்டும்போதும் கரிமம் கூடிய துகள்கள் வரிசை வரிசையாகச் சேர்ந்து உண்டாகும் கோலம் அது. உருக்குக்கு உள்ளேயே இருப்பதால் மேலே தேய்த்து அழித்தாலும், மெல்லிய அமிலம் பட்டதும் திரும்ப எழும்பும். உன் அலகிலோ ஒரே அலை, ஒரே இடைவெளி, முனை வரைக்கும் அச்சடித்த சேலைக் கரை மாதிரிப் போகிறது. இரண்டு வகை உருக்கை அடுக்கி ஒட்டி அடித்துப் பிறகு அமிலத்தில் போட்டெடுத்த இந்தக் காலத்து வேலை என்றுதான் தெரிகிறது.

ஆனால் பிடி வேறு கதை. அதில் பதித்த வெள்ளிக் கம்பிகள் தேய்ந்திருக்கும் இடத்தைப் பார். விரல் சுற்றுகிற இடத்திலும், பிடியின் நுனியில் மணிக்கட்டு உரசுகிற வட்டத் தட்டின் விளிம்பிலும் வெள்ளி போய்விட்டது. கை படாத மூலைகளில் அப்படியே நிற்கிறது. ஏமாற்றுகிறவன் பழசாக்கினால் எல்லா இடமும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கும். அலகு பிடிக்குள் போகிற வாயில் ஒரு ஊசி முனையால் மெல்லச் சுரண்டிப் பார். இந்தியத் தல்வார்களில் அலகின் வாலை அரக்கு மாதிரியான பிசினை உருக்கி ஊற்றித்தான் பிடிக்குள் இறுக்குவார்கள். கறுத்து, நொறுங்கி வந்தால் அது பழைய ஒட்டு. கண்ணாடி மாதிரிப் பளபளத்து நகத்துக்கு மசியாமல் நின்றால் எபொக்சி, இந்தக் காலத்துப் பசை. எபொக்சியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய பிடிக்குப் புது அலகைச் செருகி விற்றிருக்கிறார்கள். பிடிக்குக் கொடுத்த காசு என்று நினைத்துக்கொள், நட்டமில்லை.

பிடி உன் கைக்கு இறுக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பலரும் அதற்கு அந்தக் காலத்து ஆட்களின் கை சின்னது என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. அந்தத் தட்டு மணிக்கட்டைத் தடுத்துப் பிடிக்கும். கை இறுகி நிற்கும். கோடரி போலக் கொத்த விடாது. வளைந்த அலகை இழுத்து அறுக்கிற வீச்சுக்கு அதுதான் வசதி. இன்னொன்று, சினிமாவில் காட்டுகிற மாதிரி வாள் தூக்க முடியாத பாரமில்லை. ஒற்றைக் கை வாள்களில் பெரும்பாலானவை ஒரு கிலோவுக்குக் கிட்டத்தான் நிற்கும். அதைவிடக் கனமாக ஒன்றை உன் தலையில் கட்டப் பார்த்தால் சுவர் அலங்காரத்துக்குச் செய்தது என்று சந்தேகப்படு.

பிடி ஒரு காலம், அலகு ஒரு காலம் என்றால் எல்லாமே மோசடி என்றும் எண்ணிவிடாதே. பழைய காலத்திலேயே அப்படித்தான். மராத்தியரும் தஞ்சாவூர்க்காரரும் ஐரோப்பிய அலகுக்கு உள்ளூர்ப் பிடி போட்டு வைத்திருந்தார்கள். அந்த வகைக்கு 'ஃபிரங்கி' என்றே பெயர். ஜெர்மனியின் சோலிங்கனில் அடித்த அலகு கப்பலேறி வந்து தக்கணத்துப் பிடியில் உட்காரும். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களில் மிஞ்சியவை சென்னை எழும்பூர் நூதனசாலையில் இருக்கின்றன. இந்தியா போனால் அங்கே ஒரு முழுநாளை ஒதுக்கு. கட்டாரி என்கிற குத்துவாள்கள் மட்டுமே ஒரு பின்னேரத்தைத் தின்றுவிடும்.

நீ சேர்ப்பது என்று இறங்கிவிட்டாய், சரி. என் விருப்பத்தைக் கேட்டால், கண்டதையெல்லாம் வாங்காமல் ஒரு கஸ்தானைக்காகக் காசைச் சேர்த்து வை என்பேன். தெரியாதது ஒன்றுமில்லை, எங்கள் நாட்டுக் கொடியில் சிங்கம் பிடித்திருக்கிற வாள்தான். குட்டை வாள், ஒரு பக்கம் மட்டும் கூர், மெல்லிய வளைவு. பிடியின் தலையில் சிங்க முகமோ மகர முகமோ இருக்கும். கைக்காப்பின் நுனிகளிலும் குட்டிக் குட்டி மகரத் தலைகள். சண்டைக்கு என்பதைவிட அந்தஸ்துக்குக் கட்டியதுதான் கூட. அரசன் பிரதானிகளுக்குக் கொடுப்பான். பிறகு ஒல்லாந்தரும் இங்கிலீசுக்காரரும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு முதலிமார் என்ற உள்ளூர் அதிகாரிகளுக்கு வாள் கொடுத்தார்கள். சில கஸ்தானைகளில் ஒல்லாந்தக் கொம்பனியின் முத்திரை குத்திய அலகே இருக்கிறது. சிங்களச் சிற்பாசாரியின் பிடியும் ஐரோப்பியக் கொல்லனின் அலகும் ஒன்றாக இருக்கிற அப்படி ஒரு துண்டு, நீ அனுப்பிய ஏலப் பட்டியலில் உள்ள அத்தனைக்கும் மேல்.

ஆனால் எங்கேயிருந்து வந்தது என்று கேட்காமல் கஸ்தானை வாங்காதே. இதை அழுத்திச் சொல்கிறேன். 1765-இல் ஒல்லாந்தர் படை கண்டி அரண்மனைக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போனது. அதில் லெவ்கே திசாவை என்ற கண்டிப் பிரதானி அரசனுக்குக் கொடுத்த பீரங்கியும் ஒன்று. வெண்கலத்தில் வார்த்து வெள்ளியும் பொன்னும் கல்லும் வைத்து இழைத்தது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில் கனகாலம் கிடந்து, 2023-இல்தான் திரும்பக் கொடுத்தார்கள். அதோடு ஒரு தங்கக் கஸ்தானை, ஒரு வெள்ளிக் கஸ்தானை, ஒரு கத்தி, இரண்டு பெரிய துவக்குகள். மொத்தம் ஆறு. கொடுப்பதற்கு முதல் ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று இரு நாட்டு ஆய்வாளர்களும் உட்கார்ந்து தேடினார்கள். விற்கிறவனிடம் நீ கேட்கவேண்டியதும் அதே கேள்விதான். பழைய விற்பனைச் சீட்டு, பழைய படம், குடும்பக் கடிதம், எதுவென்றாலும் சரி. ஒன்றுமே இல்லாமல் "ஒரு பெரிய குடும்பத்திலிருந்து வந்தது" என்று மட்டும் சொன்னால் எழும்பி வந்துவிடு. யானைத்தந்தப் பிடி என்றால் இன்னும் கவனம். உங்கள் ஊரில் 2022-இலிருந்து தந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, விற்கவும் வாங்கவும் கட்டுப்பாடு. வளைந்த வாள் விற்பதற்கு 2008-இல் வந்த தடையில் நூறு வயதுக்கு மேற்பட்டவைக்கு விலக்கு உண்டு. அதெல்லாம் என்னைவிட உனக்குத் தெரிந்திருக்கும்.

உருக்கு என்று வந்துவிட்டால் எனக்குக் கதை நீளும், பொறுத்துக்கொள். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாத்திலிருந்த அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில், சரந்தீபு உருக்கையும் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறார். சரந்தீபு என்றது எங்கள் இலங்கையைத்தான். அதற்கு இங்கேயே தடயம் கிடைத்திருக்கிறது. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் அணை கட்டப்போன இடத்தில் மலைச் சரிவு நெடுகப் பழைய இரும்பு உலைகள். ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அதே மாதிரி உலை கட்டி எரித்துப் பார்த்து 1996-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். துருத்தியே தேவைப்படவில்லை. சரிவு மேற்கே பார்த்திருப்பதால் தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்றே ஊதியிருக்கிறது, கரிமம் கூடிய உருக்கு உலையிலேயே வந்திருக்கிறது. அந்தக் காற்றை நம்பி ஒருத்தன் உலை கட்டினான் பார், அவன்தான் இஞ்சினியர். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர் என்று நாங்கள் படித்த மைக்கேல் ஃபரடே கூட இந்திய உருக்கை வைத்துப் பரிசோதனை செய்தவர்தான். கொல்லன் மகனல்லவா.

ஜப்பான் வாள் பற்றிக் கேட்டிருந்தாய். சுருக்கமாகச் சொல்கிறேன். அலகில் இலக்கம் குத்தியிருந்தால் அது இரண்டாம் யுத்தத்தில் தொழிற்சாலையில் செய்து படையாட்களுக்குக் கொடுத்தது. சரித்திரமாக வைத்துக்கொள்ளலாம், சாமுராய் விலை கொடுக்காதே. பிடியைக் கழற்றினால் உள்ளே வால் கறுத்துக் கறள் படிந்திருக்கும். உன் கை சும்மா இராது என்று தெரியும், ஆனால் அதை மட்டும் தேய்த்துவிடாதே. கொல்லன் கையொப்பம் வெட்டுவது அதில்தான். வயது சொல்வதும் அந்தக் கறள்தான்.

மற்றது, ஒரு உதவி. எங்கள் கோயிலில் விசயதசமி மானம்பூச் சடங்குக்கு வாழை வெட்டுகிற வாள் உனக்கு நினைவிருக்கும், களஞ்சிய அறையில் தொங்குவது. போன விசயதசமிக்கு முதல்நாள் பெடியள் அதை எமரி பேப்பரால் உரஞ்சிக்கொண்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்தேன். அலகின் முதுகுப்பக்கமாக நீளப் பள்ளம் ஒன்று ஓடுகிறது, எங்கேயும் கோணவில்லை. பிடிக்குக் கிட்ட ஏதோ குத்திய அடையாளமும் இருந்திருக்கிறது, வருசா வருசம் தேய்த்து அரைவாசி போய்விட்டது. இனி எமரி வேண்டாம், எண்ணெய்த் துணியே போதும் என்று சொல்லி, தோலுறையிலிருந்தும் வெளியே எடுத்து வைப்பித்தேன். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து அலகைத் தின்றுவிடும். கோயில்காரர் ஒருமாதிரிப் பார்த்தார், பரவாயில்லை.

நூதனசாலைக்காரர் உலோகத்துக்குப் பூசுகிற 'ரெனேசான்ஸ் வாக்ஸ்' என்ற மெழுகு அங்கே சின்ன டின்னில் விற்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒரு டின் வாங்கி வா. காசு தருவேன். உன் வாள் எதையும் கொண்டுவராதே, படம் மட்டும் போதும். சூட்கேசைத் திறந்து கட்டுநாயக்கவில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கும் உனக்கும் வயதில்லை.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். அரக்குச் சுரண்டிப் பார்த்ததும் என்னவென்று எழுது.

அன்புடன்,
தேவன்