"முதலில் ஃபேனை நிறுத்து": மின்வாரியத்தில் பணியாற்றிய மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், அத்தையின் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன மாதம் காதுகுத்து விழாவில், பந்தி முடிந்து நாம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது நடந்ததைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நேரில் பேசலாமே என்று கேட்பீர்கள். நேரில் பேசினால் உங்கள் குரல் உயரும், என் குரல் தாழும், நடுவில் அத்தை காபியைக் கொண்டுவந்து வைத்துப் பேச்சை மாற்றிவிடுவார். நம்முடைய வாதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அன்று நீங்கள் சொன்னதை உங்களைப் போன்ற பெரியவர்கள் பல வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் உங்கள் பேத்தி, தோழிகளோடு கடற்கரையில் பதாகை பிடித்து நின்ற படத்தைக் கைப்பேசியில் உங்களிடம் காட்டினாள். நிலக்கரி மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்று அந்தப் பதாகையில் எழுதியிருந்தது. நீங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டி, "முதலில் இந்த ஃபேனை நிறுத்திவிட்டு வந்து பேசு" என்றீர்கள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், அதை மறைப்பதில் பயனில்லை. அவள் கைப்பேசியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். அனல்மின் நிலையத்து பாய்லரில் குழாய் ஓட்டையாகி நீராவி கசிகிறது, டியூப் பஞ்சர் என்று நள்ளிரவில் ஆள் வந்து அழைத்தால், சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிப் போவீர்கள். மறுநாள் மாலை கண் சிவந்து திரும்புவீர்கள். 2012-ல் சென்னைக்கு வெளியே ஊர்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக இருட்டில் கிடந்தபோது, மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர் என்பதற்காகவே தெருவில் போவோர் வருவோரெல்லாம் உங்களிடம் சண்டைக்கு வந்தார்கள். ஊருக்கு வெளிச்சம் கொடுக்க உழைத்தவரிடம், அந்த உழைப்பே குற்றம் என்பதுபோல் ஒரு பதாகை வந்து நின்றால் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் அந்தப் பதாகையைப் பிடித்திருந்த கை உங்களைக் குற்றம் சொல்வதற்காக நீட்டப்பட்டதல்ல என்பது என் எண்ணம்.

இது முதல் தடவையும் அல்ல. 2019 செப்டம்பர் 23 அன்று, பருவநிலைக்காகப் போராடும் சுவீடன் மாணவி கிரேட்டா துன்பர்க் ஐக்கிய நாடுகள் சபையின் பருவநிலை மாநாட்டில் பேசிய பிறகு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் ஒரு படம் அனுப்பினீர்கள். அந்தப் பெண் ரயிலில் உட்கார்ந்து வகைவகையாகச் சாப்பிடுகிறாள். சன்னலுக்கு வெளியே ஏழை ஆப்பிரிக்கக் குழந்தைகள் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒட்டு வேலை, மாமா. டென்மார்க்கில் ரயில் பயணத்தின்போது எடுத்து அந்த வருடம் சனவரியில் அவரே வெளியிட்ட உண்மைப் படத்தில், சன்னலுக்கு வெளியே வெறும் மரங்கள்தான் இருந்தன. அன்றைய பிரேசில் அதிபரின் மகனே அந்தப் பொய்ப்படத்தைப் பரப்பியிருக்கும்போது உங்களை மட்டும் நான் எப்படிக் குறை சொல்வது? ஆனால் ஒன்று கேட்கலாம். நிலையத்தில் ஒரு மீட்டர் காட்டும் அளவு நம்பும்படி இல்லையென்றால் இன்னொரு மீட்டரை வைத்துச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாத நீங்கள், அந்தப் படத்தை மட்டும் ஏன் சரிபார்க்கவில்லை?

அந்த நாட்களில் உலகத் தலைவர்கள் ஆற்றிய எதிர்வினைகளும் ஏறக்குறைய நம் கூடத்துச் சிரிப்பைப் போலத்தான் இருந்தன. பிரகாசமான எதிர்காலத்தை எதிர்நோக்கியிருக்கும் மகிழ்ச்சியான சிறுமி என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் கேலியாக எழுதினார். அந்த டிசம்பரில், அவள் கோபத்தை அடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அன்றைய பிரேசில் அதிபர் பொல்சொனாரோ பொடிசு என்ற பொருளில் ஒரு சொல்லைச் சொல்லித் திட்ட, அந்தப் பெண் அதையே எடுத்துத் தன் ட்விட்டர் பக்கத்தில் பட்டமாகப் போட்டுக்கொண்டார். வயது, முகபாவம், கோபம், பெற்றோர், உணவு என்று அந்தப் பெண்ணைப் பற்றிய எல்லாமே அளக்கப்பட்டது. கரியமில வாயு எவ்வளவு, இன்னும் எவ்வளவு எரிக்கலாம் என்று அவர் மேடையில் எண்ணோடு கேட்ட கேள்வியை அளந்தவர்கள் குறைவு.

கேலி செய்கிறவர்களை மட்டும் சொன்னால் அது பாதி நியாயம். கைதட்டுகிறவர்களும் அதே வேலையைத்தான் வேறு விதமாகச் செய்கிறார்கள்.

திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரை நினைவிருக்கிறதா? கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரி வண்டிக்குப் பதிலாக, கூரையில் சூரியத் தகடு பொருத்திய வண்டியைப் பள்ளிப் பருவத்திலேயே வடிவமைத்தவர். அதற்காக 2020-ல் சுவீடன் அமைப்பு ஒன்று வழங்கும் சிறுவர் பருவநிலைப் பரிசு பெற்றார்; 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். பேச்சை நிறுத்திவிட்டுச் செயலைத் தொடங்குங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அந்த வாரம் நம் குழுவில் வந்து குவிந்த கைகூப்பும் பொம்மைகளுக்குக் கணக்கே இல்லை. தமிழச்சி என்றார்கள், நம் மண்ணின் மகள் என்றார்கள். எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் நிற்கும் இஸ்திரிக்காரர் இன்றைக்கும் கரிப்பெட்டியைத்தான் வீசி வீசித் தணல் மூட்டுகிறார். வண்டியின் விலை என்ன, மழைக்காலத்தில் என்ன செய்வது, கடன் எந்த வங்கியில் கிடைக்கும் என்று கைகூப்பியவர்களில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாலை போடுவதும் ஒரு பேச்சை முடித்துவைக்கும் வழிதான்.

நம் வீட்டில் வினிஷாவுக்கு உண்மையான மரியாதை செய்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று சொன்னால் வியப்படைவீர்கள். ஐந்து மணி நேர வெயிலில் பேட்டரி நிறைந்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்று செய்தியில் படித்ததும், பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்து நீங்கள் ஒரு கணக்குப் போட்டீர்கள். இஸ்திரிப் பெட்டி 1000 வாட்; ஆறு மணி நேரத்துக்கு 6 யூனிட். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட்தான் கொள்ளும். அப்படியானால் நான்கு பேட்டரி வேண்டும், ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல், வண்டியை யார் தள்ளுவது என்று கேட்டீர்கள். அத்தை உங்களை அதட்டினார், ஒரு சின்னப் பெண் சாதித்திருக்கிறாள், அதிலும் குற்றமா என்று. எனக்கும் அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், அந்த வாரம் முழுவதும் அந்த வண்டியை வண்டியாகப் பார்த்தவர் நீங்கள் மட்டும்தான்.

அதே மரியாதையை உங்கள் பேத்திக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. ஃபேனை நிறுத்து என்று நீங்கள் சொன்னது உங்கள் தொழிலுக்கே பொருந்தாத பதில். ஃபேனை நிறுத்த வேண்டியதில்லை, அதைச் சுற்ற வைக்கும் மின்சாரம் வேறு எங்கிருந்து வரும் என்பதுதானே அவளுடைய கேள்வி? அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் அந்தக் கூடத்தில் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

நாட்டின் மின் நிறுவுதிறனில், அதாவது எல்லா நிலையங்களும் முழுவேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவில், பாதி புதைபடிவ எரிபொருள் அல்லாதவற்றுக்கு வந்துவிட்டது என்று 2025-ல் அரசு அறிவித்ததும் அவளும் அவள் தோழிகளும் கொண்டாடியிருக்கிறார்கள். நிறுவுதிறன் வேறு, உற்பத்தியாகும் யூனிட் வேறு என்று எனக்குப் பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அந்தப் பாதித் திறன் இருந்தும், உற்பத்தியாகும் யூனிட்டில் பத்தில் சுமார் ஏழு பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது என்பதை அவளுக்கும் சொல்லியிருக்கலாம். ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை காற்று அடித்துத் தள்ளும், பிறகு அடங்கிவிடும். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருந்தும் சித்திரை வெயிலில், தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டும் நாட்களில், அதை நம்பி இருக்க முடியாது. சூரியன் ஆறு மணிக்குப் போய்விடுகிறது. வீடுகளில் விளக்கும் டிவியும் ஏசியும் அதற்குப் பிறகுதான் முழுவேகம் எடுக்கின்றன. கரி எரிக்கும் நிலையத்தையோ நினைத்த நேரத்தில் அணைத்து, நினைத்த நேரத்தில் மூட்ட முடியாது. தேவை குறையும் நேரத்தில் உற்பத்தியை முழுத்திறனில் 55 சதவீத அளவுக்கு இறக்கவும், படிப்படியாக 40 சதவீத அளவுக்குப் பழகவும் மத்திய மின்சார ஆணையம் 2023-ல் விதி கொண்டுவந்தபோது, பாய்லர் என்ன பாடுபடும் என்று நீங்கள் ஒரு மாலை முழுவதும் என்னிடம் புலம்பினீர்கள்.

இவற்றோடு கடம்பாறை நீரேற்று மின்நிலையத்தையும் சொல்லியிருக்கலாம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கிற அந்த மலைக்குடைவு நிலையத்தை ஒருமுறை எனக்குச் சுற்றிக்காட்டினீர்கள். காற்றையும் வெயிலையும் இரவுக்குச் சேர்த்து வைக்கும் வழி நம் ஊரிலேயே 1980-களில் கட்டப்பட்டுவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்று நிலையத்தை எத்தனை வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதும் தெரியாது. தெரிந்தால் அவள் பதாகையில் வேறு வாசகம் இருந்திருக்கும். கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிற, இன்னும் கூர்மையான வாசகமாகவே இருந்திருக்கும்.

இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்காது என்பீர்கள். 2022 அக்டோபரில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அணுமின் நிலையங்களை மூடிவிட்டு நிலக்கரிக்குப் போவது தவறு என்று ஜெர்மன் தொலைக்காட்சியில் சொன்னவர் உங்களுக்குப் பிடிக்காத அதே கிரேட்டாதான். சுற்றுச்சூழல் இயக்கத்தில் அவருக்கு நெருக்கமானவர்களில் பலரை அது சங்கடப்படுத்தியது. சில மாதங்கள் கழித்து லூட்செராத் என்ற ஜெர்மன் சிற்றூரைப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக இடித்தபோது, அங்கே போய் நின்று காவல்துறையால் தூக்கிச் செல்லப்பட்டவரும் அவர்தான். நெய்வேலியைப் பார்த்தவருக்கு, சுரங்கத்துக்காக ஓர் ஊர் எழுந்து போவது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் எரித்துத் தீர்த்துவிட்டு இப்போது நமக்குப் பாடம் சொல்கிறான் என்ற உங்கள் வாதத்தில் எனக்கு மறுப்பே இல்லை. லண்டனில் 1882-ல் தொடங்கிய நிலக்கரி மின்சாரத்தை, 142 ஆண்டுகள் எரித்த பிறகு, 2024 செப்டம்பர் 30 அன்றுதான் பிரிட்டன் கடைசியாக நிறுத்தியது. ஆனால் அந்த வாதத்தை உலக நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் யார் தெரியுமா? பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள். பருவநிலை பற்றி அந்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம் என்று 2019-ல் ஒரு வகுப்பறையில் எழுந்த யோசனையை, பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசு கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது. 2025 சூலை 23 அன்று, பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரைத்தது. அந்த மாணவர்களிடம் முதலில் உன் ஃபேனை நிறுத்து என்று அவர்களுடைய பேராசிரியரோ பிரதமரோ சொல்லியிருந்தால் கதை வகுப்பறையோடு முடிந்திருக்கும்.

அன்று உள்ளே போன உங்கள் பேத்தியிடம், சமாதானத்துக்காக, பால் நோட்டிலிருந்து கிழித்த அந்தக் கணக்குத் தாளை நான் கொடுத்தேன். இத்தனை நாளும் என்னிடம்தான் இருந்தது. நேற்று அவள் தொலைபேசியில் அழைத்தாள். வீட்டு இஸ்திரிப் பெட்டி மின்சாரம் இழுக்கும்போது மட்டும் எரியும் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிவதைக் கவனித்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு சட்டை, ஒரு பாவாடை தேய்த்திருக்கிறாள். பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம்தான் விளக்கு எரிந்ததாம். அப்படியானால் தாத்தா போட்ட 6 யூனிட் 2.4 யூனிட்டாகக் குறைகிறது, நான்கு பேட்டரி வேண்டாம், இரண்டு போதும் என்கிறாள். பேட்டரியை அடிவரை வடிக்கக் கூடாது, ஈரத்துணிக்கு இந்தக் கணக்கு செல்லாது என்று நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். தயவுசெய்து அதை என்னிடம் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு உங்கள் வீட்டுக்கு வருகிறாள், அவளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்