செயலாளர் ஆண்டறிக்கை 2025: வீட்டு மீன்தொட்டிகளின் மட்டமும் பாதுகாப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, யாங்கோனிலிருந்தும் பெகுவிலிருந்தும் வந்திருக்கும் மீன் வளர்ப்பு அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே, இவ்வாண்டு நாம் முதன்மையாக மேற்கொண்ட பணியைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

2025 மார்ச் 28ஆம் நாள் நம் மியான்மரின் மண்டலே, சகாய்ங் பகுதியை 7.7 அளவில் உலுக்கிய நிலநடுக்கத்தில் உயிர்நீத்தோருக்கு இச்சபை முதலில் அஞ்சலி செலுத்துகிறது. அதற்குக் காரணமான சகாய்ங் பிளவு என்னும் நிலப்பாறை வெடிப்பு மண்டலேயோடு நின்றுவிடுவதில்லை. தெற்கே பெகு வழியாக நமக்கு அருகிலும் வருகிறது. 1930 மே 5ஆம் நாள் பெகுவில் ஷ்வேமாதோ பகோடாவைச் சாய்த்ததும் அதே பிளவுதான். இதை எண்ணியே, விருப்பம் தெரிவித்த உறுப்பினர்களின் இல்லங்களுக்குச் சென்று தொட்டிகள் வைக்கப்பட்டிருக்கும் முறையைப் பார்வையிடச் செயற்குழு முடிவு செய்தது. கட்டட வேலையில் பழகிய உறுப்பினர்கள் இருவர் உடன் வந்து உதவினார்கள், அவர்களுக்கு நன்றி.

தொட்டியின் எடையைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 240 லிட்டர் கொள்ளும். நீர், கண்ணாடி, சரளை, தாங்கி அனைத்தையும் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் நீர் ஏறக்குறைய 120 கிலோ விசையுடன் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த விசையைத் தாங்குவது மூலைகளில் பூசிய சிலிக்கோன் பசையே.

இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. தொட்டி ஒரு பக்கமாகச் சிறிது சாய்ந்திருப்பதைக் காட்டிலும், நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் தாழ்ந்தோ உயர்ந்தோ இருந்து தொட்டி முறுக்கிக்கொண்டு நிற்பதே ஆபத்தானது. சாய்வில் ஓரத்து நீர்மட்டம் சற்று உயர்கிறது, அவ்வளவே. முறுக்கத்திலோ அடிக்கண்ணாடியும் பசை ஒட்டுகளும் இடைவிடாமல் இழுபடுகின்றன. பல மாதம் கழித்துக்கூடக் கசியலாம், வெடிக்கலாம். எனவே மட்டம் பார்க்கும் கருவியான ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைப்பதோடு நிறுத்தாமல், மூலைக்கு மூலை குறுக்காகவும் வைத்துப் பார்க்க வேண்டும்.

மட்டம் பார்க்க வேண்டியது வெறுந்தாங்கியில், தொட்டியை ஏற்றுவதற்கு முன்பாக. தாழ்ந்த காலின் அடியில், தரைக்கும் தாங்கிக்கும் இடையில்தான் சக்கை, அதாவது உயரத்தைச் சரிக்கட்டும் துண்டு, கொடுக்க வேண்டும். தாங்கிக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒருபோதும் கொடுக்கலாகாது. மடித்த அட்டையைச் சக்கையாக வைத்திருந்த வீடுகளையும் கண்டோம். மழைக்காலத்து ஈரத்தில் அட்டை நைந்துவிடும். தேக்கு, பிங்காடோ போன்ற உறுதியான மரக்கட்டைத் துண்டோ கெட்டியான பிளாஸ்டிக்கோ நிற்கும். மரத்தூள் பலகையில் செய்த மலிவான தாங்கி ஈரம் பட்டால் உப்பிவிடும் என்பதால், நம் ஊருக்கு அது ஏற்றதன்று என்பதே என் கருத்து.

ஃபோம் விரிப்பைப் பற்றிப் பலர் கேட்டார்கள். விளிம்புச் சட்டம் இல்லாத, அடிக்கண்ணாடி நேரே தாங்கியில் அமரும் தொட்டிக்கு அது தேவை. அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டியில் எடை முழுவதும் சட்டத்தின் வழியே இறங்குவதால், ஃபோம் நடுக்கண்ணாடியை மேல்நோக்கி அழுத்திக் கெடுதல் செய்யக்கூடும். எவ்வகையிலும் ஃபோம் சாய்வைச் சரிசெய்யாது; சிறு மேடுபள்ளங்களை மட்டுமே ஏற்றுக்கொள்ளும்.

மூன்றில் ஒரு பங்கு நீர் விட்டதும் நான்கு மூலைகளிலும் நீர்மட்டத்தை அளவுகோலால் அளக்க வேண்டும். நான்கடித் தொட்டியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் நிறுத்திச் சரிசெய்வது என்பது நம் குழு கொண்ட அளவு. அதன் பிறகு நிரப்பி, ஒரு வாரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். மரத்தளம் எடையில் அமரும். சாய்வு தெரிந்தால் நீரோடு நெம்பித் தூக்காமல், மீன்களை வாளிக்கு மாற்றி நீரை இறைத்த பிறகே தொட வேண்டும்.

மாடியில் பலகைத் தளம் உள்ள பழைய வீடுகளில், தொட்டியின் நீளம் அடிச்சட்டங்களுக்குக் குறுக்காக, பல சட்டங்களின் மேல் எடை பரவும்படி, சுவரோரமாக அமைய வேண்டும். அடுக்குமாடி வீடுகளில், கழுவும் நீர் வடிவதற்காகத் தரையில் விட்டிருக்கும் வாட்டம் கண்ணுக்குத் தெரியாது, ரசமட்டம் காட்டிவிடும். தளம் ஐயத்திற்குரியதெனில் பெரிய தொட்டியை விட்டுவிடுவதே நல்லது. ஷான் மாநிலத்து ஹோப்போங் பக்கத்தில் 2006இல் கண்டறியப்பட்ட, இரண்டு சென்டிமீட்டர் அளவேயான முத்துப்புள்ளி டேனியோ போன்ற நம் நாட்டு மீன்கள் இரண்டடித் தொட்டியிலேயே அழகாக வாழும்.

அதிர்வைக் கருதித் தாங்கியை இரும்பு ஆங்கிள் கொண்டு சுவரோடு பிணைப்பதும், விளிம்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே நீரை நிறுத்துவதும், படுக்கையின் தலைமாட்டில் தொட்டியை வைக்காதிருப்பதும் அவசியம். மின்கம்பி, பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி மேலேறினால் வழியும் நீர் பிளக்கை அடையாது. மின்வெட்டில் காற்றுக்குழாய் வழியே நீர் பின்னோக்கி இறங்குவதால், காற்று மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும்.

வரும் ஆண்டில் நீளமான ரசமட்டம் ஒன்றும், தூரமான இரு புள்ளிகளை ஒப்பிட நீர் நிரப்பிப் பார்க்கும் டியூப் மட்டம் ஒன்றும் சங்கச் செலவில் வாங்கி உறுப்பினர்களுக்குச் சுழற்சி முறையில் தரவும், சங்கத்தின் தொட்டிகளை இரவல் தருமுன் அவை அமையவிருக்கும் இடத்தைப் பார்வையிடுவதைக் கட்டாயமாக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்விரு பரிந்துரைகளையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்