வலையில் சிக்கி உயிரோடு வரும் கடலாமைகளுக்குக் கரையில் சிகிச்சை கோரும் மனு

அனுப்புநர்:
கடலாமைப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டுள்ள தன்னார்வலர்கள்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை,
சென்னை.

பொருள்: மீன்பிடி வலைகளில் சிக்கும் கடலாமைகளை மீனவர்கள் அச்சமின்றிக் கரைக்குக் கொண்டுவர வழிசெய்தல், கடலோர மாவட்டங்களில் முதல் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

தை பிறந்தது முதல் பங்குனி முடியும் வரை எங்கள் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இரவில் மணலில் தடம் தேடி நடந்து, முட்டைகளைச் சேகரித்துத் தங்கள் துறையின் பொரிப்பகத்தில் ஒப்படைக்கும் பணியில் வனக் காவலர்களுடன் நாங்களும் சேர்ந்து உழைக்கிறோம். குஞ்சுகளைக் கடலில் விடும் காலைகளில் ஊரே திரண்டு வருகிறது. அதில் எங்களுக்கு மனநிறைவு உண்டு. ஆனால் அதே மணலில் செத்து ஒதுங்கிய தாய் ஆமைகளையும் பார்க்கிறோம். கழுத்து வீங்கி, கண்கள் பிதுங்கி, ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடக்கின்றன. வலையில் சிக்கி இப்படிச் சாகும் ஆமைகளில் ஒரு பகுதியையாவது படகிலேயே காப்பாற்றியிருக்க முடியும் என்று நாங்கள் நம்புகிறோம். அதற்காகவே இந்த மனு.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்ததும் தாங்கள் அறிந்தவை. அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு போதும். பங்குனி ஆமை ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு முட்டைகள் இடும். கடலில் இறங்கும் குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து முட்டையிடும் வயதை எட்டும் என்பது பொதுவான மதிப்பீடு. அதாவது, வலையில் ஒரு தாய் ஆமை செத்தால், அந்த இடத்தை நிரப்பப் பத்துக் குழிகளின் முட்டைகள் ஒன்று விடாமல் பொரிய வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பொரிப்பகத்தில் நாம் சேர்ப்பதை வலையில் இழந்துகொண்டிருக்கிறோம்.

ஆமைக்கு மீனைப்போல் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். இழுவலையின் மடியில் மாட்டிக்கொண்டால் அதற்கு வழியில்லை. வலையைத் தூக்கும்போது அது அசைவற்றுக் கிடக்கும். செத்துவிட்டது என்று எண்ணிக் கடலில் தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் அவற்றுள் சில மயக்கத்தில்தான் இருக்கின்றன. தள்ளிய பிறகே மூழ்கிச் சாகின்றன. இதற்கான முதலுதவி எளிது. அமெரிக்க மீன்பிடி விதிமுறைகள் அதை எழுதியே வைத்திருக்கின்றன: ஆமையை வயிற்றுப்பக்கம் கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பகுதியைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயர்த்தி வைக்க வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் வடியும். நிழலில் ஈரத்துணி போர்த்தி 4 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். கண்ணிமையை மெல்லத் தொட்டாலோ வாலைக் கிள்ளினாலோ சிறு அசைவு தெரிகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். மல்லாத்திப் போடக்கூடாது, தண்ணீர்த் தொட்டியில் விடக்கூடாது. படகில் சுருட்டிக் கிடக்கும் கயிறே பின்பகுதிக்கு அண்டை கொடுக்கப் போதும்.

இதை மீனவர்களிடம் சொல்லும்போது அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆமையைப் படகில் வைத்திருக்கும்போது அதிகாரிகள் வந்தால் எங்கள் நிலை என்ன?" 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமைகள், மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்தக் கடுமை தேவையானது. அதைத் தளர்த்தும்படி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் ஆமையைக் கொல்பவனுக்காக இயற்றிய சட்டத்தைக் கண்டு, காப்பாற்ற நினைப்பவனும் பயப்படுகிறான். ஆகவே, தற்செயலாகச் சிக்கிய ஆமையை முதலுதவிக்காகப் படகில் வைத்திருந்து கரைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும் மீனவர்மீது வழக்கு பாயாது என்று தங்கள் அலுவலகம் எழுத்துப்பூர்வமான சுற்றறிக்கை வெளியிட வேண்டுகிறோம். அதன் நகல் மீன்வளத்துறைக்கும் கடலோரக் காவல் குழுமத்துக்கும் ஒவ்வொரு மீனவப் பஞ்சாயத்துக்கும் போய்ச் சேர வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பி நடுக்கடலில் யாரும் துணியமாட்டார்கள்.

அறுத்த வலைக்கும் ஒரு வழி வேண்டும். பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினத்தை விடுவிப்பதற்காக வலையை அறுக்கும் மீனவருக்கு மகாராஷ்டிர அரசு 2018இல் அறிவித்த திட்டத்தின்கீழ் 25,000 ரூபாய் வரை இழப்பீடு கிடைக்கிறது. நம் மாநிலத்திலும் பாக் நீரிணையில் கடற்பசுவை விடுவித்தவர்களுக்கு வனத்துறை வெகுமதி வழங்கியிருக்கிறது. அதே பரிவை ஆமைக்கும் காட்டலாம். சிறிய கண்ணாடியிழைப் படகில் தொழில் செய்பவருக்குச் செவுள்வலையின் ஒரு துண்டு போனாலும் பெரிய நஷ்டம் என்பதைத் தாங்கள் கருத்தில்கொள்ள வேண்டும்.

இனி, கரைக்கு வந்த ஆமையின் கதை. சென்ற பருவத்தில் ஒரு மீனவ அண்ணன், கடலில் மிதந்த கைவிடப்பட்ட வலையில் சிக்கிக் கிடந்த ஆமையொன்றைக் கொண்டுவந்தார். நைலான் இழை முன் துடுப்பை எலும்பு தெரியும் அளவுக்கு அறுத்திருந்தது. துடுப்பின் நுனி கறுத்துப்போயிருந்தது. செய்தி சொன்னதும் வனக் காவலர் உடனே வந்தார். கால்நடை மருத்துவரும் மறுக்காமல் வந்து, ஆமைக்கு வைத்தியம் பார்த்துப் பழக்கமில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, புண்ணைக் கழுவிக் கட்டினார். வைத்துப் பராமரிக்கத் தொட்டி இல்லை. பொழுது விடியுமுன் அது இறந்துவிட்டது. அந்த இரவில் யாரும் கடமை தவறவில்லை. கொண்டுபோக ஓர் இடம்தான் இல்லை.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடற்கரை நம்முடையது. எங்கோ ஓரிடத்தில் பெரிய மருத்துவமனை கட்டினாலும், நாகப்பட்டினத்திலோ இராமநாதபுரத்திலோ அடிபட்ட ஆமை அங்கே போய்ச் சேரும்வரை தாங்காது. எனவே கடலோர மாவட்டங்கள்தோறும், மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகிலேயே ஒரு முதல் சிகிச்சை மையம் வேண்டும். மாளிகை தேவையில்லை. நிழலுள்ள கூரை, வடிகட்டிய கடல்நீர் ஓடும் இரண்டு மூன்று தொட்டிகள், எக்ஸ்ரே எடுக்க வசதி, பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். இவை இருந்தால் போதும். மருத்துவர்களுக்கான பயிற்சியைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வழியாக அளிக்கலாம்.

பயிற்சி ஏன் அவசியம் என்பதற்கு ஒரு சான்று. ஸ்பெயினில் வலென்சியா கரையோரம் வலையில் சிக்கிய பெருந்தலை ஆமைகளின் இரத்தத்திலும் உறுப்புகளிலும் வாயுக் குமிழிகள் இருப்பதை 2014இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் முக்குளிப்போருக்கு வரும் அதே நோய். இப்படிப்பட்ட ஆமை படகில் துடிப்பாகவே தெரியும். கடலில் விட்ட சில மணி நேரத்தில் இறந்துபோகலாம். பிளாஸ்டிக் விழுங்கியதாலோ நோயினாலோ உடலில் வாயு தங்கி, முக்குளிக்க முடியாமல் மிதந்துகொண்டே இருக்கும் ஆமைகளும் உண்டு. அவற்றைத் தேற்ற மாதக்கணக்கில் ஆகும். எதை உடனே விடலாம், எதை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கத் தெரிந்த கண் ஒன்று கரையில் இருக்க வேண்டும்.

வலையில் சிக்காமல் தடுப்பதே முதன்மையான வழி என்பதையும் மறக்கவில்லை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது தொடங்கும்போது ஆமைகளில் பெரும்பாலானவை முட்டையிட்டு முடித்திருக்கும். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையோரக் கடலில் இழுவைப் படகுகள் நுழையாதபடி பார்த்துக்கொள்வது மிக முக்கியம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கேற்ற ஆமை விலக்கு கருவியை வடிவமைத்திருக்கிறது. வலையோடு பொருத்திய கம்பிச் சட்டம் ஆமையை மேல்புறத் திறப்பு வழியாக வெளியே அனுப்பிவிடும். இறால் உள்ளே போய்விடும். அதை முழு மானியத்தில் வழங்கி, கடலுக்கே அழைத்துப்போய்ப் பொருத்திக் காட்டும்படி மீன்வளத்துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். கருவி இல்லாததைக் காட்டி அமெரிக்கா இந்தியாவின் கடல் இறாலை வாங்க மறுத்ததால் நஷ்டப்பட்டவர்களும் இதே மீனவர்கள்தாம்.

இறந்து ஒதுங்கும் ஆமைகளைப் புதைக்குமுன் உடற்கூறாய்வு செய்து, இடம், தேதி, காரணம் ஆகியவற்றைப் பதிவுசெய்து மாதந்தோறும் வெளியிடவும் வேண்டுகிறோம்.

அடுத்த பருவம் ஜனவரியில் தொடங்கிவிடும். மையங்கள் அமையக் காலம் பிடிக்கும் என்பது எங்களுக்குப் புரிகிறது. சுற்றறிக்கையை மட்டுமாவது நவம்பருக்குள் வெளியிட்டால், ஊர் ஊராகச் சென்று மீனவப் பஞ்சாயத்துகளில் அதைப் படித்துக் காட்டவும், படகோட்டிகளுக்கு முதலுதவிப் பயிற்சி அளிக்கவும் எங்களிடம் ஆட்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். நேரில் விளக்கத் தாங்கள் ஒரு நாள் ஒதுக்கித் தந்தால், ஆமையை உயிரோடு கொண்டுவந்த மீனவர்களையும் உடன் அழைத்து வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடலாமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்கள்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

நகல்: இயக்குநர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, சென்னை.