தோற்றவர் எழுந்துவிட வேண்டும்

அன்புள்ள கதிர்,

விடுதி நண்பன் ஒருவனைப் பற்றிப் பேசும்போது, "அவன் வெறும் ஆயிரத்து நானூறுப்பா" என்று சொன்னாய். இணையச் செஸ்ஸில் அவனுடைய தரவரிசை எண்ணைச் சொன்னாய், அவன் பெயரைச் சொல்லவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் "சரிப்பா" என்று முடித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

இணையத்தில் செஸ் ஆடாதே என்று சொல்ல வரவில்லை. நான் பழகிய காலத்தில் கோவில்பட்டியில் நன்றாக ஆடுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சென்னைப் பிள்ளைகளுக்கு சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப் இருந்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவேல் ஆரோன் முன்னின்று நடத்திய கிளப் அது. சிறுவன் ஆனந்த் ஊறி வளர்ந்த இடம். எங்களுக்கு வாய்த்தது, அட்டை கிழிந்து கைமாறி வந்த ஒரே ஒரு புத்தகம். இன்று லிச்செஸ் இணையதளத்தில் காசு கொடுக்காமல், விளம்பரத் தொல்லை இல்லாமல், நடுராத்திரியிலும் உனக்கு ஈடான எதிராளி கிடைக்கிறார். அவர் உன் ஊரையும் சாதியையும் கேட்பதில்லை, காயை நகர்த்துகிறார். நம்மைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட இடத்தில் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதையே புதுச் சாதியாக்கிவிட்டீர்களே! அந்தத் தரவரிசைக் கணக்கை வகுத்த ஆர்பட் ஈலோ ஓர் இயற்பியல் பேராசிரியர். 1970-இல் உலகச் செஸ் கூட்டமைப்பு அவருடைய முறையை ஏற்றுக்கொண்டது. தண்ணீரில் ஏறியிறங்கும் தக்கை எங்கே நிற்கிறது என்பதை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பது போன்றது இந்த வேலை என்று அவரே சொல்லியிருக்கிறார். லிச்செஸ் பயன்படுத்துவது அதுகூட இல்லை. கிளிக்கோ-2 என்ற வேறு கணக்கு. அங்கே எல்லோரும் தொடங்குவது 1500-இல். ஆக, உன் 1900-ஐக் கூட்டமைப்பின் 1900-க்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. இந்த எண் இறங்கியதற்காகவா இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாய்?

நீ அனுப்பிய ஆட்டத்தை நம் வீட்டு மரப்பலகையில் அடுக்கிப் பார்த்தேன். உன் ராஜா கோட்டை கட்டி ஒதுங்கியிருக்கிறது. அதன் பக்கத்தில் காவல் நின்றது ஒரே குதிரை. எதிராளியின் ராணியும் மந்திரியும் ஒரே கோட்டில் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கின்றன. நீ அந்தக் குதிரையை எடுத்து நடுவில் கிடந்த சிப்பாயை வெட்டினாய். அடுத்த நகர்த்தலில் ராணி வந்து உன் ராஜாவின் மூக்குக்கு நேரே உட்கார்ந்துவிட்டது. கதை முடிந்தது.

"பெருந்தவறு என்று கணினி சிவப்பில் காட்டுகிறது" என்று எழுதியிருந்தாய். தவறு என்பது எனக்கும் தெரிகிறது. அந்தச் சிப்பாய் உன் கண்ணில் ஏன் அவ்வளவு இனிப்பாகப் பட்டது? அதைக் கணினியால் சொல்ல முடியாது, உன்னால் முடியும். நீயோ அந்த நிமிடமே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறாய். அதற்கடுத்து இன்னொன்று. கடைசி ஆட்டம் முடிந்த நேரத்தைப் பார்த்துவிட்டு உன் அம்மா என்னைத்தான் திட்டினாள்.

தால் கிளப்பில் மின்னல்வேக ஆட்டத்தில் தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டுமாம். மறுபடி முறை வரும்வரை ஓரமாக நின்று, எங்கே கோட்டைவிட்டோம் என்று யோசிக்கத்தானே செய்வார்கள்? இணையத்தில் உன்னை எழுப்ப ஆளில்லை. நீயேதான் எழுந்துகொள்ள வேண்டும். குகேஷைச் சிறு வயதில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, நல்ல நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் கணினி நிரல்களான செஸ் எந்திரங்களின் பக்கமே விடாமல் வைத்திருந்தது ஊரறிந்த செய்தி. அந்தப் பையன்தான் 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியனானான். நீ சாம்பியனாக வேண்டாம். எந்திரத்தைத் திறக்கும் முன், நீ என்ன நினைத்து அந்தக் காயைத் தொட்டாய் என்று இரண்டு வரி எழுதிப் பார்.

இன்னொன்று, அந்த ஆயிரத்து நானூறு பையனை எதிரே உட்காரவைத்து இதே ஆட்டத்தைக் காட்டு. குதிரையை எடுக்காதே என்று அவன் சொன்னாலும் சொல்வான்.

அம்மா பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறாள். வந்ததும் தகவல் சொல். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு நான் லிச்செஸில் இருப்பேன். பதினைந்து நிமிட ஆட்டம்தான். உங்கள் ஒரு நிமிட ஆட்டத்துக்கு என் விரல் ஓடாது. வெள்ளைக் காய் எனக்கு.

அன்புடன்,
அப்பா